புள்ளிக் காய்ச்சல் ரிக்கெட்சியாவை மரபணு வழியே இனங்காணுதல்: மாதிரி எடுப்பதிலிருந்து அறிக்கை வரை

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வந்தால் அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ்தான். அதைப் பரப்புவது உண்ணி அல்ல, புதர்களில் இருக்கும் மைட் என்னும் மிக நுண்ணிய சிற்றுயிரியின் இளம்பருவம். அதன் கிருமி ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. 1995ல் அதை ரிக்கெட்சியா என்னும் பாக்டீரியா பேரினத்திலிருந்தே பிரித்துத் தனியாக வைத்துவிட்டார்கள். இந்த வழிகாட்டி பேசப்போவது உண்மையான உண்ணிகள் பரப்பும் புள்ளிக் காய்ச்சல்களைப் பற்றி. அமெரிக்காவின் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் (ரிக்கெட்சியா ரிக்கெட்சி), மத்தியதரைக் கடல் புள்ளிக் காய்ச்சல் (ரிக்கெட்சியா கொனோரி), ஆப்பிரிக்க உண்ணிக்கடிக் காய்ச்சல் (ரிக்கெட்சியா ஆஃப்ரிக்கே), ஜப்பானியப் புள்ளிக் காய்ச்சல் (ரிக்கெட்சியா ஜப்பானிக்கா) எல்லாம் இந்த வகை. நம் ஊருக்கு உரியது இந்திய உண்ணி டைஃபஸ். அதன் கிருமி ரிக்கெட்சியா கொனோரியின் 'இண்டிகா' என்னும் துணை இனம். தெருநாயின் காதோரம் கொத்தாகத் தொங்கும் பழுப்பு நாய் உண்ணிதான் அதைச் சுமக்கிறது.

டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறையில் ஒரு பேண்ட் (ஜெல்லில் தெரியும் கோடு) விழுந்தால் 'ரிக்கெட்சியா இருக்கிறது' என்றுதான் சொல்லலாம், அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. எந்த இனம் என்று சொல்ல எந்த மரபணு, அதில் எத்தனை பேஸ் (டிஎன்ஏ எழுத்து), எந்த மூல வகையுடன் (இனத்துக்கு அடையாளமாக ஏற்கப்பட்ட ஸ்ட்ரெயின்) ஒப்பிட்டீர்கள் என்ற மூன்றும் வேண்டும். இந்தத் துறையில் வரும் தவறான இனப்பெயர்களில் பல இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டதால் வந்தவை.

மரபணு ஏன் தேவை, எந்த மரபணு

வைல்-ஃபீலிக்ஸ் சோதனை புரோட்டியஸ் பாக்டீரியாவைக் கொண்டு ரிக்கெட்சியா எதிர்ப்புரதத்தைத் தேடும் பழைய முறை. அது குழுவைக் கூடச் சரியாகச் சொல்லாது. எதிர்ப்புரதத்தை ஸ்லைடில் ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் முறை நம்பகமானது. ஆனால் முதல் வாரத்தில் எதிர்ப்புரதம் எழும்பியிருக்காது, இரண்டாவது ரத்த மாதிரியில் நான்கு மடங்கு உயர்வு தெரியும்போது நோயாளி குணமாகி வீடு திரும்பியிருப்பார். தவிர, புள்ளிக் காய்ச்சல் இனங்களின் எதிர்ப்புரதங்கள் ஒன்றுக்கொன்று குறுக்கே வினைபுரியும். கொனோரி ஸ்லைடில் ஒளிர்ந்ததாலேயே கிருமி கொனோரி ஆகிவிடாது. செல்லுக்குள் மட்டுமே வளரும் கிருமி என்பதால் வளர்ப்புக்கு வீரோ செல்களும் (ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்கள்) மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகமும் வேண்டும். எனவே பெரும்பாலான ஆய்வகங்களுக்கு இருக்கும் வழி டிஎன்ஏதான்.

மற்ற பாக்டீரியாக்களுக்குப் பயன்படும் 16எஸ் மரபணு இங்கே கைகொடுக்காது. ரிக்கெட்சியா பேரினம் முழுவதிலும் அது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. கீழ்க்கண்ட ஐந்தும் வேலைக்கு ஆகும்:

- ஜிஎல்டி-ஏ (சிட்ரேட் சிந்தேஸ்): எல்லா ரிக்கெட்சியாவிலும் உண்டு. முதல் வடிகட்டல் இதில்தான்.
- 17 கிலோடால்டன் புரத மரபணு: பேரினத்துக்கே உரியது, முதல் முடிவை உறுதிசெய்ய நல்லது.
- ஓம்ப்-ஏ: புள்ளிக் காய்ச்சல் குழுவின் அடையாளம். இனங்களுக்கிடையே அதிகம் மாறுவதால் பெயர் வைக்க இதுவே முதன்மை.
- ஓம்ப்-பி: ஓம்ப்-ஏ கிடைக்காதபோதும் கிடைக்கும்.
- ஸ்கா-4: மரபுக்கிளை வரைவதற்கு உறுதுணை.

படி 1: மாதிரி

மருத்துவருக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்று: சோதனை முடிவுக்காகச் சிகிச்சையை ஒரு மணி நேரம் கூடத் தள்ளிப்போட வேண்டாம். சந்தேகம் வந்தவுடன் டாக்சிசைக்ளின் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு 100 மி.கி. நாளுக்கு இருமுறை, 45 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு கிலோவுக்கு 2.2 மி.கி. நாளுக்கு இருமுறை. மாதிரியை முதல் வேளை மருந்துக்கு முன்பே எடுத்துவிடுவது உத்தமம். மருந்து தொடங்கிவிட்டாலும் எடுங்கள், ஆனால் மணிநேரம் கூடக்கூட கிருமியின் டிஎன்ஏ குறைந்துகொண்டே போகும். மருந்து தொடங்கிய நேரத்தைப் படிவத்தில் எழுதாமல் விட்டால் நெகட்டிவ் முடிவுக்குப் பொருளே இல்லை.

எது நல்ல மாதிரி? கடித்த இடத்தில் எஸ்கார் என்னும் கருகிய புண் இருந்தால் அதுதான். ஆனால் இந்திய உண்ணி டைஃபஸில் எஸ்கார் அரிதாகவே தென்படும். தமிழ்நாட்டில் எஸ்கார் கண்டால் முதலில் ஸ்க்ரப் டைஃபஸை நினைப்பதே நியாயம். எனவே ஒவ்வொரு எஸ்கார் மாதிரிக்கும் ஓரியன்ஷியா பிசிஆரையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். எளிதில் கண்ணில் படாத இடங்களான அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள், குழந்தைகளின் பிறப்புறுப்புப் பகுதி ஆகியவற்றையும் தேடாமல் 'எஸ்கார் இல்லை' என்று எழுத வேண்டாம்.

எஸ்கார் ஸ்வாப் எடுக்க: உலர்ந்த கிருமிநீக்கிய ஸ்வாபை கிருமிநீக்கிய உப்புநீரில் நனையுங்கள். பொருக்கை ஃபோர்செப்ஸால் மெல்ல உரித்து அதையும் தனிக் குழாயில் போடுங்கள், பொருக்கும் நல்ல மாதிரிதான். பொருக்குக்கு அடியில் தெரியும் ஈரமான புண்ணடியில் ஸ்வாபை அழுத்தி, ஐந்தாறு முறை சுழற்றுங்கள். மேலோட்டமாகத் தடவினால் சீழ் செல்களும் தோல் பாக்டீரியாவும்தான் வரும். கிருமி இருப்பது ரத்த நாளச் சுவர் செல்களுக்குள்.

எஸ்கார் இல்லாமல் புள்ளிகள் மட்டும் இருந்தால் தோல் பயாப்ஸி. ரத்தக்கசிவு தெரியும் ஒரு புள்ளியின் நடுவில் 3 அல்லது 4 மி.மீ. பஞ்ச். உள்ளங்கை, உள்ளங்காலில் உள்ள புள்ளிகள் நோயைச் சுட்டுபவை என்றாலும் பஞ்ச் எடுக்க வேறு இடம் நோயாளிக்கு வலி குறைவு. ஃபார்மலினில் போடாதீர்கள், டிஎன்ஏ துண்டுதுண்டாகிவிடும். உப்புநீரில் நனைத்த கிருமிநீக்கிய காஸில் சுற்றி, 2 முதல் 8 டிகிரியில் உடனே அனுப்புங்கள். தாமதமானால் மைனஸ் 80. ஃபார்மலின்-பாரஃபின் கட்டி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், 200 பேஸுக்குக் குறைந்த துண்டைப் பெருக்கும் பிசிஆரை மட்டும் முயலுங்கள்.

ரத்தம், அதை உறையாமல் காக்கும் இடிடிஏ குழாயில்தான். ஹெப்பாரின் பிசிஆரை முடக்கிவிடும், அதை அகற்றும் வேலை வீண். முழு ரத்தத்தைவிட வெள்ளையணுப் படலமான பஃபி கோட் மேல்.

தமிழ்நாட்டில் தோல் பயாப்ஸியின் பயனுக்கு ஒரு சான்று உண்டு. காய்ச்சலும் புள்ளிகளுமாக வந்த ஒரு வயது ஆண் குழந்தையின் தோல் பயாப்ஸியிலிருந்துதான் அதுவரை யாரும் அறியாத மரபணு வகை ஒன்று கண்டறியப்பட்டு, 2006ல் 'கேண்டிடேட்டஸ் ரிக்கெட்சியா கெல்லி' என்று வெளியானது. 'கேண்டிடேட்டஸ்' என்ற முன்னொட்டின் பொருள் 'இன்னும் வளர்ப்பில் பெறப்படாதது'. அந்தக் குழந்தையிடம் ரத்தத்தை மட்டும் சோதித்து முடித்திருந்தால் அந்த வரிசை கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ரத்தம் நெகட்டிவ் என்றால் என்ன பொருள்: ஒரு கணக்கு

இந்தக் கணக்கை ஒவ்வொரு ஆய்வகமும் ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 200 மைக்ரோலிட்டர் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரித்து 100 மைக்ரோலிட்டரில் எடுக்கிறீர்கள். அதில் 5 மைக்ரோலிட்டர் ஒரு பிசிஆருக்குப் போகிறது. அதாவது குழாயில் சேர்ந்தது 10 மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு மி.லி. ரத்தத்தில் 100 கிருமி இருந்தால் சராசரியாக ஒரே ஒரு பிரதி குழாய்க்குள் வரும். சராசரி ஒன்று என்றால், 37% குழாய்களில் ஒன்றுகூட இருக்காது. 95% நம்பிக்கையோடு பிடிக்கச் சராசரி மூன்று பிரதி வேண்டும், அதாவது மி.லி.க்கு 300 கிருமி. அதுவும் பிரித்தெடுப்பில் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால். புள்ளிக் காய்ச்சலின் தொடக்கத்தில் ரத்தத்தில் கிருமி இதைவிடக் குறைவாக இருப்பது இயல்பு.

எனவே ரத்தத்தை மூன்று குழாய்களில் ஓட்டுங்கள். பஃபி கோட்டைச் சேருங்கள். 50 மைக்ரோலிட்டரில் எடுங்கள். இவ்வளவும் செய்து நெகட்டிவ் வந்தாலும் அறிக்கையில் 'நோய் இல்லை' என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

படி 2: உண்ணியைக் கையாளுதல்

நோயாளியிடமிருந்தோ நாயிடமிருந்தோ எடுத்த உண்ணியை 70% அல்லது அதற்கு மேற்பட்ட எத்தனாலில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம், உண்ணியின் உடல்நீரில் கிருமி உயிரோடு இருக்கும். உருவத்தை வைத்து இனத்தை முதலில் எழுதிவைத்த பிறகே வெட்டுங்கள். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணியையும் இளம்பருவங்களையும் கண்ணால் இனங்காண்பது கடினம். அங்கே உண்ணியின் மைட்டோகாண்ட்ரியா 16எஸ் மரபணுவின் சுமார் 460 பேஸ் துண்டு உதவும். அதே துண்டு டிஎன்ஏ நன்றாக வந்திருக்கிறதா என்பதற்கும் சான்று.

வெளிப்புறத்தைக் கழுவ: நீர்த்த ப்ளீச்சில் 30 விநாடி, கிருமிநீக்கிய நீரில் இரண்டு முறை, 70% எத்தனாலில் ஒருமுறை, மீண்டும் நீர். காயவிட்டு, புதிய ஸ்கால்பெல் பிளேடால் நடுவே நெட்டுவாக்கில் வெட்டுங்கள். ஒரு பாதி டிஎன்ஏவுக்கு, மறுபாதி மைனஸ் 80ல் பத்திரம். ஒவ்வொரு உண்ணிக்கும் புது பிளேடு. இதில் சிக்கனம் பார்த்தால் பக்கத்து உண்ணியின் ரிக்கெட்சியா இதிலும் தென்படும்.

உண்ணியின் ஓடு கடினமானது. எஃகு மணி போட்டுக் குலுக்கும் கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கி, இரவு முழுக்கக் கரைக்க வேண்டும். உப்பிய உண்ணியில் நாயின் ரத்தம்தான் பெரும்பகுதி, அதிலுள்ள ஹீம் (ரத்தத்தின் சிவப்பு நிறப்பொருள்) பிசிஆரை அடக்கும். அந்த உண்ணியை 25 மி.கி.க்கு மேல் ஒரு ஸ்பின் காலத்தில் (டிஎன்ஏவைப் பிடித்துவைக்கும் வடிகட்டிக் குழாய்) போடாதீர்கள்.

படி 3: டிஎன்ஏ பிரித்தெடுத்தல்

ஸ்பின் காலம் கிட் எதுவானாலும் நடைமுறை ஏறத்தாழ இதுதான். 10 முதல் 25 மி.கி. திசுவோடு 180 மைக்ரோலிட்டர் திசுக் கரைப்பு பஃபரும் 20 மைக்ரோலிட்டர் புரோட்டீனேஸ்-கேயும் சேர்த்து, 56 டிகிரியில் திசு முழுதும் கரையும்வரை வையுங்கள். தோல் பயாப்ஸிக்கு இரவு முழுக்க ஆகும். கொலாஜன் இழைகள் மிதந்தபடியே காலத்துக்குப் போனால் அடைத்துக்கொள்ளும், கிருமியும் அந்த இழைக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு கிட் சொல்வதுபோல் பிணைப்பு பஃபர், எத்தனால், கழுவல். கடைசிக் கழுவலுக்குப் பின் வெறும் காலத்தை ஒரு நிமிடம் முழுவேகத்தில் சுழற்றி எத்தனாலைப் போக்குங்கள். எடுக்கும்போது 50 மைக்ரோலிட்டர் பஃபரை 70 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றி, ஐந்து நிமிடம் நிறுத்தி, பிறகு சுழற்றுங்கள்.

ஒவ்வொரு பத்து மாதிரிக்கும் ஒரு வெற்று மாதிரி (பஃபர் மட்டும்) முதல் படியிலிருந்தே கூட வர வேண்டும். பிசிஆரில் சேர்க்கும் நீர் கன்ட்ரோல் இதற்கு ஈடாகாது. நீர் கன்ட்ரோல் சுத்தமாக இருந்து வெற்று மாதிரி பாசிட்டிவ் ஆனால், கசிவு பிரித்தெடுக்கும் மேசையில் இருக்கிறது.

மனித மாதிரிக்கு ஆர்னேஸ்-பி போன்ற மனித மரபணு ஒன்றையும் ஓட்டுங்கள். அது வராவிட்டால் ரிக்கெட்சியா நெகட்டிவ் என்பது முடிவே அல்ல. நீர்த்த டிஎன்ஏவை (1க்கு 10) மறுபடி ஓட்டிப் பாருங்கள். நீர்த்ததும் வந்தால் தடைப்பொருள் இருந்திருக்கிறது.

படி 4: முதல் வடிகட்டல், ரியல்-டைம் பிசிஆர்

ஜிஎல்டி-ஏவில் 74 பேஸ் துண்டைப் பெருக்கும் டாக்மேன் சோதனை (பெருக்கத்தை ஒளிர்வால் உடனுக்குடன் காட்டும் வகை) பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது. துண்டு குட்டையாக இருப்பதால் சிதைந்த டிஎன்ஏவிலும் பிடிக்கும். 45 சுழற்சி, 95 டிகிரியில் 15 விநாடி, 60 டிகிரியில் 1 நிமிடம். இது ஓரியன்ஷியாவைப் பிடிக்காது, அதற்கு 47 கிலோடால்டன் மரபணுச் சோதனை தனியே வேண்டும்.

அளவுகோலுக்கு பிளாஸ்மிட் (வளைய டிஎன்ஏ) ஒன்றைத் தயாரியுங்கள். 3,500 பேஸ் நீளமுள்ள பிளாஸ்மிட் என்றால் ஒரு நானோகிராமில் சுமார் 26 கோடி பிரதி. பத்துப்பத்தாக நீர்த்து 10 பிரதி வரை இறங்குங்கள். கோட்டின் சரிவு மைனஸ் 3.3 அருகில் வந்தால் பெருக்கத் திறன் 100%. மைனஸ் 3.6க்குக் கீழே போனால் பிரைமரையோ (பெருக்கத்தைத் தொடங்கும் குட்டை டிஎன்ஏ இழை) மாஸ்டர் மிக்ஸையோ (பிசிஆர் நொதிக் கலவை) சந்தேகியுங்கள். சிடி (ஒளிர்வு தென்படத் தொடங்கும் சுழற்சி எண்) 38க்கு மேல் வந்த ஒற்றைக் குழாயை பாசிட்டிவ் என்று எழுத வேண்டாம். புதிதாக டிஎன்ஏ பிரித்து மூன்று குழாயில் மறுபடி ஓட்டி, இரண்டிலாவது வந்தால் ஏற்கலாம்.

பாசிட்டிவ் கன்ட்ரோல் தேர்வில்தான் பல ஆய்வகங்கள் தடுக்கி விழுகின்றன. இந்தியாவில் நீங்கள் எதிர்பார்க்கும் கிருமி கொனோரி. கன்ட்ரோலாகவும் கொனோரி டிஎன்ஏவை வைத்தால், ஒருநாள் அது சிதறி மாதிரிக்குள் விழும்போது எது நோயாளி, எது கன்ட்ரோல் என்று பிரிக்கவே முடியாது. நடுவில் 30 பேஸ் செயற்கை வரிசை செருகிய பிளாஸ்மிட்டைப் பயன்படுத்துங்கள், அல்லது உங்கள் பகுதியில் இல்லாத இனத்தின் டிஎன்ஏவை. அப்போது சீக்வென்ஸ் (டிஎன்ஏ எழுத்து வரிசை) வந்தவுடனே கசிவு காட்டிக்கொடுத்துவிடும்.

படி 5: சீக்வென்ஸுக்கான பிசிஆர்

வடிகட்டலில் பாசிட்டிவ் ஆனவற்றுக்கு நீண்ட துண்டுகள்:

- ஜிஎல்டி-ஏ: பிரைமர் சிஎஸ்-78, சிஎஸ்-323. 401 பேஸ்.
- ஜிஎல்டி-ஏவின் அடுத்த பகுதி: சிஎஸ்-239, சிஎஸ்-1069. 834 பேஸ். இரண்டையும் இணைத்தால் மரபணுவின் பெரும்பகுதி கிடைக்கும்.
- ஓம்ப்-ஏ: ஆர்ஆர்190.70பி, ஆர்ஆர்190.602என். 532 பேஸ்.
- ஓம்ப்-பி: 120-2788, 120-3599. சுமார் 800 பேஸ்.
- ஸ்கா-4: டி1எஃப், டி928ஆர். 928 பேஸ்.

25 மைக்ரோலிட்டர் குழாய்க்கு: இருமடங்கு மாஸ்டர் மிக்ஸ் 12.5, ஒவ்வொரு பிரைமரும் (10 மைக்ரோமோலார்) 1, பிஎஸ்ஏ (மி.லி.க்கு 20 மி.கி.) 0.5, நீர் 5, டிஎன்ஏ 5 மைக்ரோலிட்டர். பிஎஸ்ஏ என்னும் மாட்டு ரத்தப் புரதம் ஹீமைக் கட்டிப்போடும். உண்ணி மாதிரிக்கு அதை விடக் கூடாது.

ஜிஎல்டி-ஏவுக்கு: 95 டிகிரி 3 நிமிடம், 40 சுழற்சி 95ல் 15 விநாடி, 48ல் 30 விநாடி, 72ல் 30 விநாடி, முடிவில் 72ல் 7 நிமிடம். ஓம்ப்-ஏவுக்கு 1991லிருந்து வழங்கிவரும் நடைமுறை வேறு: 95ல் 20 விநாடி, 48ல் 30 விநாடி, 60ல் 2 நிமிடம், 35 சுழற்சி. 72க்குப் பதில் 60 ஏன்? ரிக்கெட்சியா மரபணுத்தொகுதியில் குவானைன்-சைட்டோசின் சேர்ந்து சுமார் 32% மட்டுமே. அடினைன்-தைமின் மலிந்த டிஎன்ஏவில் 48 டிகிரியில் ஒட்டிய பிரைமர், 72க்கு ஏறும்போது நீள்வதற்குள் உதிர்ந்துவிடலாம். 60ல் அது பிடியை விடாது. ஓம்ப்-ஏ பலவீனமாக வருகிறது என்று புகார் சொல்லும் பல இடங்களில், நீட்சியை 60 அல்லது 65 ஆக இறக்கினாலே பேண்ட் தெளியும்.

1.5% அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். பேண்ட் மங்கலாக இருந்தால் உடனே நெஸ்டட் பிசிஆருக்கு (முதல் சுற்றில் வந்ததை உட்பிரைமர்களால் மறுபடி பெருக்குவது) ஓட வேண்டாம். முதல் சுற்றுக் குழாயின் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஏராளமான பிரதிகள் காற்றில் ஏறும். நெஸ்டட் செய்தே ஆக வேண்டும் என்றால் மாஸ்டர் மிக்ஸ் ஓர் அறை, டிஎன்ஏ சேர்ப்பது ஓர் அறை, முதல் சுற்றுக் குழாய் திறப்பது மூன்றாவது அறை. கோட், கையுறை, பிப்பெட் எதுவும் மூன்றாவது அறையிலிருந்து முதல் அறைக்குத் திரும்பி வரக் கூடாது. 'சூசைட் பிசிஆர்' என்றொரு முறையும் உண்டு: அந்த ஆய்வகத்தில் முன்பு ஒருபோதும் பெருக்காத பகுதிக்குப் பிரைமர் வடிவமைத்து, ஒரே ஒரு முறை மட்டும், பாசிட்டிவ் கன்ட்ரோலே இல்லாமல் ஓட்டுவது. கசிவுக்கு இடமே இல்லாததால் வந்த பேண்டை நம்பலாம், ஆனால் பிரைமர் ஒரு தடவையோடு முடிந்தது.

ஜிஎல்டி-ஏ வந்து ஓம்ப்-ஏ வராவிட்டால் மூன்று காரணம் பாருங்கள். பிரதி மிகக் குறைவு. 74 பேஸ் பிடிபடும் இடத்தில் 532 பேஸ் பிடிபடாது. அல்லது இந்த பிரைமருக்கு ஓம்ப்-ஏ பிடிகொடுக்காத இனம். ஹெல்வெட்டிகா, பெல்லி, இடைக்குழுவைச் சேர்ந்த அகாரி, ஆஸ்ட்ராலிஸ் போன்றவை. அல்லது உண்ணியில் வாழும் தீங்கற்ற கூட்டாளி ரிக்கெட்சியா. மூன்றாவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில், ஆய்வாளர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1900களின் முதற்பத்தாண்டில் உண்ணியே நோயைப் பரப்புகிறது என்று நிறுவிய அதே ஊரில், பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்க உண்ணிகளில் ரிக்கெட்சியா பீகாக்கி என்ற தீங்கற்ற இனம் நிறைந்திருக்கிறது. குழுவை மட்டும் காட்டும் சோதனையில் அதுவும் 'பாசிட்டிவ்'தான்.

படி 6: சீக்வென்ஸைப் படித்தல்

பேண்டைச் சுத்தம் செய்து இரு திசையிலும் சாங்கர் சீக்வென்ஸ் எடுங்கள். ஒரு திசை போதாது. குரோமட்டோகிராமை (ஒவ்வொரு பேஸும் ஓர் உச்சியாகத் தெரியும் வரைபடம்) கண்ணால் பாருங்கள், கோப்பிலுள்ள எழுத்துகளை மட்டும் நம்ப வேண்டாம். முதல் 30, 40 பேஸ் எப்போதும் குழம்பியிருக்கும். எதிர்த்திசை வாசிப்பு அதை ஈடுகட்டும். நடுவில் ஒரே இடத்தில் இரட்டை உச்சி இரு திசையிலும் தெரிந்தால் இரண்டு ரிக்கெட்சியா கலந்திருக்கக்கூடும். உண்ணியில் இது நடப்பதுண்டு. அப்போது க்ளோன் செய்து பிரியுங்கள், இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதாதீர்கள்.

பிரைமர் வரிசையை இரு முனையிலும் வெட்டிவிட வேண்டும். அது மாதிரியின் டிஎன்ஏ அல்ல, நீங்கள் கடையில் வாங்கிப் போட்டது. சிஎஸ்-78 நீளம் 23, சிஎஸ்-323 நீளம் 28. 401ல் 51 போனால் மிஞ்சுவது 350. ஓம்ப்-ஏவில் இரு பிரைமரும் 21. 532ல் 42 போனால் 490.

ஓம்ப்-ஏ துண்டைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். முன்பிரைமரின் முதல் மூன்று எழுத்தே புரதத்தின் தொடக்கக் குறி. 21 எழுத்தை வெட்டினாலும் ஏழு கோடான் சரியாகப் போவதால் வாசிப்புச் சட்டம் கலையாது. நடுவில் நிறுத்தக் குறி வந்தால் பெரும்பாலும் வாசிப்புப் பிழை. ஒரு பேஸ் கூடியோ குறைந்தோ இருக்கும். குரோமட்டோகிராமுக்குத் திரும்புங்கள்.

படி 7: பெயர் வைத்தல்

தரவுத்தளத்தில் ஒத்த வரிசையைத் தேடும் ப்ளாஸ்டில் போட்டு மேலே வந்த முதல் பெயரை எழுதிவிடுவதுதான் மிகப் பெரிய பிழை. தரவுத்தளத்தில் 'ரிக்கெட்சியா எஸ்பி.' என்றும் தவறான பெயரிலும் ஏற்றப்பட்ட வரிசைகள் ஏராளம். மூல வகைகளோடு ஒப்பிடுங்கள். கொனோரிக்கு மாலிஷ் 7, ரிக்கெட்சிக்கு ஷீலா ஸ்மித் என்பதுபோல் ஒவ்வொரு இனத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட வகை உண்டு. கொனோரியின் துணை இனங்கள் (கொனோரி, இண்டிகா, காஸ்பியா, இஸ்ரேலென்சிஸ்) நான்கையும் பட்டியலில் சேருங்கள்.

2003ல் மார்செய் ஆய்வாளர்கள் முன்வைத்த அளவுகோல் இன்றும் நடைமுறை. ஒரு ரிக்கெட்சியாவைப் புதிய இனம் என்று சொல்ல வேண்டுமானால், நெருங்கிய இனத்தோடு கீழ்க்கண்ட ஒற்றுமைகளில் ஒன்றுக்கு மேல் எட்டக் கூடாது: 16எஸ் 99.8%, ஜிஎல்டி-ஏ 99.9%, ஓம்ப்-ஏ 98.8%, ஓம்ப்-பி 99.2%, ஸ்கா-4 99.3%. இரண்டோ அதற்கு மேலோ எட்டினால் அது அந்தப் பழைய இனமே.

இங்கேதான் துண்டின் நீளம் வேலையைக் காட்டும். உங்கள் கையில் இருப்பது 350 பேஸ் ஜிஎல்டி-ஏ. ஒரே ஒரு பேஸ் வேறுபட்டால் ஒற்றுமை 99.71%. 99.9க்குக் கீழே. ஒற்றைப் பேஸ் வேறுபாட்டை வைத்து 'வேறு இனம்' என்று எழுதலாமா? கூடாது. 99.9% என்பது ஆயிரத்துக்கு ஒன்று. நீண்ட வரிசைக்கு வகுத்த அளவு அது. 350 பேஸில் அதற்கு இரண்டே விடை: முழு ஒற்றுமை, அல்லது தோல்வி. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: இந்தக் குட்டைத் துண்டில் 100% ஒற்றுமை ஒரே சமயத்தில் பல இனங்களோடு வரக்கூடும். ப்ளாஸ்ட் அவற்றில் ஒன்றை முதலில் காட்டும், அவ்வளவே.

ஓம்ப்-ஏவில் நிலைமை தெளிவு. 490 பேஸில் ஐந்து வேறுபாடு வரை 98.98%, அளவுக்குள். ஆறானால் 98.78%, வெளியே. ஒரு மாதிரி வந்ததென்று வைத்துக்கொள்வோம்: ஜிஎல்டி-ஏ 350க்கு 350, மூன்று இனங்களோடு சமம், ஓம்ப்-ஏ இண்டிகாவோடு 490க்கு 490, அடுத்த இனத்தோடு 484. ஓம்ப்-பியும் இண்டிகாவோடு 99.2%க்கு மேல். 'ரிக்கெட்சியா கொனோரி, இண்டிகா துணை இனத்துக்கு நெருக்கம்' என்று எழுதலாம். ஓம்ப்-ஏ இல்லாமல் ஜிஎல்டி-ஏ மட்டும் வந்திருந்தால் 'ரிக்கெட்சியா பேரினம், இனம் தீர்மானிக்க இயலவில்லை' என்பதோடு நிறுத்துங்கள்.

துணை இனத்தை உறுதியாகச் சொல்ல ஓம்ப்-ஏ துண்டு மட்டும் போதாது. கொனோரி வகைகளைப் பிரிக்க மரபணுக்களுக்கு இடைப்பட்ட மூன்று பகுதிகளைப் படிக்கும் மல்டிஸ்பேசர் டைப்பிங் முறை 2004ல் வந்தது. புரதம் ஆகாத இடைவெளிகள் என்பதால் அங்கே மாற்றம் வேகமாகச் சேர்கிறது.

மரபுக்கிளை வரைய: ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியே மாஃப்ட் மென்பொருளில் சீரமைத்து, முனைகளை வெட்டி, பிறகே இணையுங்கள். மரம் வரையும் ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் ஆயிரம் பூட்ஸ்டிராப் (கிளைகளின் உறுதியைச் சோதிக்கும் மறுகணக்கு). தனி மரபணு மரங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இணைத்த மரத்தை நம்பாதீர்கள். மாதிரி கலப்போ, இரண்டு மாதிரிகளின் வரிசைகள் இடம் மாறியதோ காரணமாக இருக்கும். முழு மரபணுத்தொகுதி (கொனோரிக்கு சுமார் 12.7 லட்சம் பேஸ்) எடுக்க, வளர்ப்பு இல்லாத மாதிரியில் மனித டிஎன்ஏ எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆர்என்ஏ தூண்டில் (கிருமியின் டிஎன்ஏவை மட்டும் பிடித்திழுக்கும் இழைகள்) கொண்டு செறிவூட்டாமல் முயல வேண்டாம்.

படி 8: அறிக்கை

அறிக்கையில் எழுத வேண்டியவை: மாதிரி வகை, எடுத்த நாள், மருந்து தொடங்கிய நேரம், எந்தெந்த மரபணு, பிரைமர் வெட்டியபின் எத்தனை பேஸ், எந்த மூல வகையோடு எத்தனைக்கு எத்தனை ஒற்றுமை, கன்ட்ரோல்கள் நடந்துகொண்ட விதம். வெறும் சதவீதத்தை மட்டும் தராதீர்கள், '484 / 490' என்று எழுதினால் அடுத்தவர் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த உண்ணி பாசிட்டிவ் ஆனால் அதை உண்ணியின் முடிவாகவே எழுதுங்கள். உண்ணியில் கிருமி இருந்ததும் நோயாளிக்குத் தொற்றியதும் வெவ்வேறு செய்தி.

நெகட்டிவுக்கு ஒரு மாதிரி வாசகம்: 'இடிடிஏ ரத்தம், மூன்று குழாய், ரிக்கெட்சியா டிஎன்ஏ தென்படவில்லை, மனித மரபணுக் கன்ட்ரோல் சரி, டாக்சிசைக்ளின் தொடங்கி 30 மணி நேரத்துக்குப் பின் எடுத்த மாதிரி. புள்ளிக் காய்ச்சலை இது விலக்காது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் இரண்டாவது சீரம் அனுப்பவும்.' வார்டில் இதைப் படிக்கும் மருத்துவர் மருந்தை நிறுத்தாமல் தொடர்வார், இரண்டாவது சீரமும் வரும்.